இறுகிய மூட்டும் பட்டறை அறிவும்: சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து ஓர் ஆய்வு

நாமக்கல்லுக்குள் நுழையும்போது கோட்டைப் பாறை கண்ணில் படுவதற்கு முன்பே சுத்தியல் சத்தம் காதில் விழும். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள், எரிவாயு டேங்கர்களைப் பழுதுபார்க்கும் கொட்டகைகள், பட்டை வளைக்கும் உலைகள், லேத் பட்டறைகள் என்று சாலையோரம் நீளும். பக்கத்தில் திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போனது. சங்ககிரி லாரித் தொழிலால் வளர்ந்த ஊர். 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டம் ஆனது. ஆனாலும் வண்டி, இரும்பு, பட்டறை என்ற மூன்றிலும் இந்தச் சமவெளி இன்றும் ஒரே நாடுதான்.

இந்த ஊர்களில் வீட்டு முற்றத்தில் நிற்கும் கார்களில் கணிசமானவை இரண்டாம் கை வண்டிகள். பழைய மாருதி 800, ஆல்ட்டோ, ஆம்னி, இண்டிகா, சுமோ, பொலீரோ. அவற்றில் சில்லறை வேலைகளை வீட்டுக்காரரே பார்த்துக்கொள்வதும் வழக்கம். ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது வரை சிக்கல் இல்லை. முன்சக்கரத்தின் பால் ஜாயிண்டையோ டை ராட் எண்டையோ மாற்றப் போகும்போதுதான் கை நின்றுவிடுகிறது. நட்டு கழன்றுவிடும், ஆணி மட்டும் அசையாது. அடித்தால் மறை கெடுகிறது, நெம்பினால் ரப்பர் கிழிகிறது. பொழுது சாய்ந்தும் மூட்டு அப்படியே இருக்கிறது.

இறுகிப்போன இந்த மூட்டுகள் ஏன் விடுவதில்லை? விடுவிக்க இருக்கும் வழிகளில் எது எங்கே பொருந்தும்? எதை வீட்டில் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது? இந்த மூன்று கேள்விகளையும் இந்தக் கட்டுரை ஒருசேரப் பார்க்கிறது.

மூட்டு எப்படிப் பிடிக்கிறது

பால் ஜாயிண்ட் என்பது நம் தோள்மூட்டைப் போன்றது. கிண்ணத்துக்குள் உருளும் ஓர் இரும்புக் குண்டு, அந்தக் குண்டிலிருந்து வெளியே நீளும் ஓர் ஆணி. சக்கரம் மேலும் கீழும் போகவும், இடமும் வலமும் திரும்பவும் இந்தக் குண்டுதான் இடம் கொடுக்கிறது. ஸ்டியரிங் இழுக்கும் இழுப்பைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும் டை ராட் எண்டும் இதே அமைப்புதான். குண்டும் கிண்ணமும் கிரீஸில் ஊறியிருக்கும். வாயை ஒரு ரப்பர் உறை மூடியிருக்கும்.

இறுகுவது குண்டு அல்ல, ஆணி. பெரும்பாலான மூட்டுகளில் ஆணி கூம்பு வடிவில் கடையப்பட்டிருக்கும். அது நுழையும் துளையும் அதே சரிவில் கடையப்பட்டிருக்கும். 8 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர், அல்லது 10 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் விட்டம் குறைகிற சரிவு வழக்கமானது. நட்டை முறுக்கும்போது கூம்பு துளைக்குள் இழுக்கப்பட்டு ஆப்பாகப் பதிகிறது. மண்வெட்டிக் காம்பில் ஆப்பு அடிப்பவருக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. சரிவு எவ்வளவு குறைவோ, பிடி அவ்வளவு அதிகம்.

கணக்கு போட்டுப் பார்த்தால் அந்தப் பிடியின் அளவு திகைக்க வைக்கிறது. 12 மில்லிமீட்டர் மறையுள்ள நட்டை 45 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் காரின் டை ராட் எண்டுக்கு இது இயல்பான முறுக்குதான். அது ஆணியைக் கூம்புக்குள் இழுக்கும் விசை சுமார் 1,900 கிலோ எடைக்குச் சமம். சரிவு எட்டுக்கு ஒன்று, உராய்வு எண் 0.15 என்று கொண்டால், துளையின் சுவர்மீது மொத்தமாக விழும் அழுத்தம் 9 டன்னைத் தொடும். நட்டை முழுவதும் கழற்றிய பிறகும் அந்த அழுத்தம் போய்விடாது. புத்தம்புது மூட்டையே வெளியே தள்ள ஏறக்குறைய 800 கிலோ விசை தேவை. துருவால் உராய்வு இரட்டிப்பானால் அதே மூட்டுக்கு 2,000 கிலோவையும் தாண்டும்.

கைச்சுத்தியலால் ஆணியின் நுனியில் தட்டுகிறவர் இந்த எண்ணோடுதான் மோதுகிறார். எனவே இறுகிய மூட்டு என்பது முழுக்கப் பழுது அல்ல. ஓடும்போது ஒரு மயிரிழைகூட அசையக் கூடாது என்பதற்காகவே அது அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. நம்மைக் காக்கும் பிடிதான் பிரிக்கும்போது எதிரே நிற்கிறது.

எல்லா மூட்டும் கூம்பு அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாருதி 800, ஆல்ட்டோ போன்ற வண்டிகளின் லோயர் ஆர்ம் பால் ஜாயிண்டில் ஆணி நேரானது. சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் பிளவுபட்ட ஒரு காது இருக்கும். ஆணி அதற்குள் நுழைந்து நிற்கும். குறுக்கே போகும் ஒரு போல்ட் அந்தக் காதை இறுக்கும். அதே போல்ட் ஆணியில் வெட்டிய பள்ளத்தின் வழியாகவும் போகும். லாரிகளில் முன் ஆக்சிலின் இரு முனையிலும் கிங் பின், அதைப் பூட்டும் குறுக்கு ஆணி என்று அமைப்பே வேறு. எந்த வகை மூட்டு என்று தெரியாமல் கையில் எடுக்கும் எந்தக் கருவியும் வீண்தான்.

இங்கே ஏன் இறுகுகிறது

குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அங்கே வண்டியின் அடிப்பாகம் துருவாகவே மாறிவிடுவது சகஜம். நமக்கு அந்த உப்பும் இல்லை, கடற்காற்றும் இல்லை. அப்படியிருக்க, சேலத்திலும் ராசிபுரத்திலும் மூட்டு இறுகுவானேன்?

முதல் காரணம் கிழிந்த ரப்பர் உறை. உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே போகிறது, செம்மண் தூசி உள்ளே வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தத் தூசி சேறாகி, கூம்பின் விளிம்பிலும் நட்டின் மறையிலும் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கிறது. இடமில்லாத இடத்தில் பருக்கும் பொருள் தானும் ஓர் ஆப்பாகிவிடுகிறது.

இரண்டாவது, தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரால் வண்டி கழுவும் ஊர்கள் இங்கே ஏராளம். அடிப்பாகத்தில் அந்த உப்பு படிந்து நிற்கிறது. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் டீசலைப் பீய்ச்சி அடிக்கும் பழக்கமும் உண்டு. இரும்புக்கு அது கொஞ்ச நாள் காவல்தான். ஆனால் ரப்பர் புஷ்ஷும் உறையும் எண்ணெய் பட்டு ஊறி வலுவிழக்கின்றன. இரும்பைக் காக்கப் போய் இரும்பின் காவலனையே கெடுக்கிறோம்.

மூன்றாவது, நாமக்கல்லுக்கே உரியது. கோழிப் பண்ணைக்குள் நாள்தோறும் போய்வரும் வண்டிகளின் அடியில் கோழி எரு ஒட்டுகிறது. உப்புகளும் ஈரமும் கொண்ட அந்த எரு காய்ந்து கட்டியாகி, ஒவ்வொரு மழைக்கும் மறுபடி நனைந்து, இரும்பை அரித்துக்கொண்டே இருக்கிறது. பண்ணைக்காரர்களின் வண்டிகளில் நட்டு சீக்கிரம் பிடித்துக்கொள்வதில் வியப்பில்லை.

நான்காவது, கடலோர ஊர்களில் பல ஆண்டுகள் ஓடிவிட்டு இங்கே விலைக்கு வரும் வண்டிகள். வெளியே பெயிண்ட் பளபளக்கும். அடியில் குனிந்து பார்க்கிறவர் குறைவு.

கடைசியாக, முன்பு நடந்த அரைகுறை வேலை. அடித்து நசுங்கிய மறை, அளவு மாறிய நட்டு, துளைக்குப் பொருந்தாத மலிவு உதிரிபாகம் ஆகியவை அடுத்து கழற்றுகிறவருக்கு விட்டுச்செல்லும் கடன்கள்.

துரு என்றதும் இந்த மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலை காந்த இரும்புத் தாதுவுக்குப் பெயர்பெற்றது. 19-ஆம் நூற்றாண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் பறங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலைக்குச் சேலத்துத் தாது போனது. அந்தக் கஞ்சமலை அடிவாரத்தில்தான் 1981-இல் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலை நிற்கிறது. அது தயாரிப்பது துருப்பிடிக்காத எஃகு. 10.5 சதவீதத்துக்குக் குறையாத குரோமியம்தான் அந்த எஃகின் காவல். பால் ஜாயிண்டின் ஆணிக்கோ கடினமும் தேய்மானம் தாங்கும் வலுவும் கட்டுப்படியாகும் விலையும் முதலில் வேண்டும். அதனால் அது சாதாரண உலோகக் கலவை எஃகில்தான் வருகிறது. அதன் காவல் முழுவதும் அந்த மெல்லிய ரப்பர் உறையிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

பிரிக்கும் வழிகள்

இறுகிய மூட்டைப் பிரிக்க உலகெங்கும் கையாளும் முறைகள் ஐந்தாறுதான். எது உயர்ந்தது என்று கேட்பதைவிட, எது எந்த நிலைக்குப் பொருந்தும் என்று கேட்பதே சரி.

*எண்ணெய் விடுவது.* முந்தின நாள் இரவே மறையில் துரு இளக்கும் எண்ணெய் விடுவது நல்ல தொடக்கம். எல்லோரும் அறிந்த டபிள்யூடி-40 1953-இல் அமெரிக்காவில் உருவானது. ஈரத்தை விரட்டுவதே அதன் முதல் வேலை, பெயரிலுள்ள டபிள்யூவும் டியும் அதையே குறிக்கின்றன. நட்டின் மறைக்கு இத்தகைய எண்ணெய் நன்றாகவே உதவும். 9 டன் அழுத்தத்தில் ஒட்டிக்கிடக்கும் கூம்புக்குள் எண்ணெய் நுழைவது அரிது. அதனால் எண்ணெய் விட்டதோடு மூட்டு விட்டுவிடும் என்று காத்திருக்க வேண்டாம். கம்பி பிரஷ்ஷால் மறையைத் தேய்த்துச் சுத்தம் செய்வது எண்ணெயைப் போலவே பயன் தரும்.

*பக்கவாட்டு அடி.* நாமக்கல் லாரிப் பட்டறைகளின் கைவந்த கலை இது. நட்டை முழுக்கக் கழற்றாமல் மூன்று நான்கு மறை பிடித்திருக்கும்படி தளர்த்திவிட வேண்டும். பிறகு ஆணியை அடிக்காமல், ஆணி நுழைந்திருக்கும் காதின் பக்கவாட்டில் கனமான சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. மறுபக்கம் கனமான இரும்புக் கட்டை ஒன்றை முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அடி விழும் கணத்தில் வட்டத் துளை சற்றே நீள்வட்டமாகித் திரும்புகிறது. அந்தக் கணம் பிடி தளர்கிறது, கூம்பு விடுபடுகிறது. மண்வெட்டிக் காம்பைக் கழற்ற நுனியை அடிக்காமல் இரும்பைத் தட்டுகிறோமே, அதே தத்துவம். நட்டைக் கழற்றாமல் விடுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மறை காக்கப்படும், விடுபட்ட ஆர்ம் திடீரென்று கீழே விழாது.

*புல்லர்.* திருகு வைத்த இழுப்பான், அல்லது கத்தரி போன்று இரு கை கொண்ட தள்ளுவான். ஆணியின் நுனியைச் சீராகத் தள்ளும். ரப்பர் உறைக்குச் சேதமில்லை. மூட்டை மறுபடி பயன்படுத்த வேண்டுமென்றால் இதுவே முதல் தேர்வு. இறுகிய மூட்டில் புல்லரை மட்டும் முறுக்கிக்கொண்டே போனால் திருகு வளையும். புல்லரை நன்றாக இறுக்கி நிறுத்திவிட்டுக் காதின் பக்கவாட்டில் ஓர் அடி கொடுப்பதே தெரிந்தவர் செய்வது. இழுப்பும் அதிர்வும் சேரும்போது தனித்தனியே மசியாத மூட்டு ‘டக்’கென்று விடும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவருக்கு அது மறக்காது.

*கவட்டை.* இரண்டு கிளையுள்ள ஆப்புக் கம்பி. மூட்டுக்கும் காதுக்கும் நடுவே வைத்து அடித்தால் இரண்டையும் அகற்றும். வேகமான வழிதான், உறையைக் கிழிக்காமல் விடாது. தூக்கி எறியப்போகும் மூட்டுக்கு மட்டும் பொருந்தும்.

*சூடு.* 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் துளையை 200 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் அது சுமார் 0.05 மில்லிமீட்டர் விரியும். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ஆனால் எட்டுக்கு ஒன்று சரிவுள்ள கூம்பில் அது 0.4 மில்லிமீட்டர் நகர்வுக்குச் சமம். சூட்டின் வெற்றி இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அதன் ஆபத்தும் பக்கத்திலேயே நிற்கிறது. உறைக்குள் அடைபட்ட கிரீஸ் கொதித்துப் பீறிட்டு அடிக்கும். பிரேக் ஹோஸும் சென்சார் ஒயரும் கருகும். பதப்படுத்திய எஃகு பதம் இழக்கும். நக்கிள் அலுமினியமாக இருந்தால் வலுவே போய்விடும். காதைச் சிவக்கச் சூடுகாட்டி மூட்டை எடுத்துவிட்டு, அதே காதில் புது மூட்டைப் பூட்டி ஓட்டுவது மிகப் பெரிய தவறு.

*வெட்டுவது.* கிரைண்டரால் நட்டைப் பிளப்பதோ ஆணியை அறுப்பதோ கடைசி வழி. மாற்றப்போகும் பாகத்தை மட்டுமே வெட்ட வேண்டும். காதில் ஒரு கீறல் விழுந்தாலும் பின்னாளில் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

அடிக்கடி எதிர்ப்படும் இன்னொரு தொல்லை, நட்டோடு சேர்ந்து ஆணியும் சுற்றுவது. இங்கே கூம்பு இறுகவில்லை, பிடி விட்டிருக்கிறது. நட்டில் இருக்கும் நைலான் வளையமோ துருவோ ஆணியைச் சேர்த்து இழுக்கிறது. அடியில் ஜாக்கி கொடுத்து மூட்டைக் காதுக்குள் அழுத்தினால் கூம்பு மறுபடி பதிந்து ஆணி நிற்கும். நட்டு கழன்றுவிடும். ஒரே மூட்டில் முதலில் பிடிக்கவைத்து, பிறகு விடவைக்க வேண்டியிருக்கிறது.

லாரி டை ராடின் ஒரு முனை வலத் திருகு, மறு முனை இடத் திருகு என்பதும் நினைவில் இருக்க வேண்டும். குழாயைச் சுற்றி நீளம் சரிசெய்வதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அது தெரியாமல் தவறான பக்கம் முறுக்கி, இறுகிவிட்டது என்று சூடுகாட்டியவர்கள் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

ராசிபுரம் பக்கத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு மாருதி 800-இன் லோயர் ஆர்ம் மாற்ற உட்கார்ந்தேன். குறுக்கு போல்ட்டின் நட்டைக் கழற்றினேன். போல்ட்டைக் கொஞ்ச தூரம் தட்டித் தள்ளினேன். அதற்கு மேல் அது நகரவில்லை. தளர்ந்துவிட்டதே, போதும் என்று எண்ணி ஆர்மின்மேல் இரும்புக் குழாயை வைத்து அழுத்தினேன், அடித்தேன். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியவன் உச்சி வெயில் வரை அடித்தேன். மூட்டு அசையவில்லை.

தெருவில் போன ஒரு பெரியவர் நின்று பார்த்தார். லாரி செட்டில் நாற்பது ஆண்டு வேலை பார்த்தவர். குனிந்து ஒரு விரலால் காதின் பிளவைத் தடவிப் பார்த்தார்.

“தம்பி, இந்த போல்ட்ட முழுசா உருவுனீங்களா?”

“லூஸ் பண்ணி கொஞ்சம் தள்ளியிருக்கேனுங்கண்ணா.”

“லூஸ் பண்ணுனா ஆகாதுங்க. ஆணியில பள்ளம் இருக்குது, போல்ட் அதுலதான் குறுக்கால நிக்குது. அது வெளிய வராம நீங்க நாள் பூரா அடிச்சாலும் இது வராதுங்க.”

போல்ட்டை எப்படி எடுப்பது என்பதையும் அவரே காட்டினார். பிதுங்கி நின்ற முனையில் நட்டை மறை மட்டத்துக்கு ஏற்றிவிட்டு, செம்புக் கட்டை ஒன்றை வைத்துத் தட்டினார். அசைந்ததும் தலையில் ரிங் ஸ்பேனர் போட்டுக் கால் சுற்று முன்னும் கால் சுற்று பின்னுமாகத் திருப்பினார். ஒவ்வொரு திருப்பலுக்கும் ஒரு சொட்டு எண்ணெய். பத்து நிமிடத்தில் போல்ட் கையோடு வந்தது, நடுவில் துரு பூத்திருந்தது. பிறகு காதின் பிளவில் ஓர் உளியை வைத்து இரண்டே தட்டு, மிக மென்மையாக. ஆர்மைக் கீழே அழுத்தினார். ஆணி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மூன்று மணி நேரம் நான் அடித்தது மூட்டை அல்ல, குறுக்கே நின்ற அந்த போல்ட்டை.

இந்த ஆய்வுக்கு விதை அந்த நண்பகல்தான். பட்டறைக்காரரின் பலம் அவர் தோளில் இருப்பதாக நாம் நினைக்கிறோம். அவர் செய்த முதல் வேலை விரலால் தடவிப் பார்த்தது.

எல்லைகள்

வீட்டில் செய்யலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. டை ராட் எண்ட், ஸ்டெபிலைசர் லிங்க், குறுக்கு போல்ட் வகை பால் ஜாயிண்ட் ஆகியவற்றைப் பொறுமையும் கருவியும் உள்ளவர் வீட்டில் செய்யலாம். அதற்கும் சில கட்டாயங்கள் உண்டு.

வெறும் ஜாக்கியின்மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் எந்தக் காரணத்துக்காகவும் படுக்கக் கூடாது. சமதளத்தில் ஸ்டாண்ட் கொடுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே சுத்தியலை எடுக்க வேண்டும். அடிக்கிற வேலை வண்டியை ஆட்டும் வேலை. செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பது உயிரோடு விளையாடுவது, செங்கல் சொல்லாமல் நொறுங்கும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சுத்தியல் முகமும் ஆணியும் கடினப்படுத்திய எஃகு, அவற்றிலிருந்து தெறிக்கும் சில்லு தோட்டாவைப் போல் பாயும். முட்டுக்கு இன்னொரு சுத்தியலை வைக்காமல் சாதாரண இரும்புக் கட்டையை வைக்கச் சொல்வதும் இதனால்தான்.

மேலும் கீழும் இரண்டு ஆர்ம் வைத்து, நடுவே சுருள் ஸ்பிரிங்கோ டார்ஷன் பாரோ தாங்கும் வண்டிகளில் கீழ் பால் ஜாயிண்டை விடுவித்தால், அடங்கிக் கிடந்த விசை முழுவதும் ஒரே கணத்தில் வெளியேறும். ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்காமல் அதைத் தொடக் கூடாது. அனுபவமில்லாதவர் இதைப் பட்டறைக்கே விட வேண்டும். லாரியின் கிங் பின் வீட்டு வேலையே அல்ல. இறுகிய கிங் பின்னுக்கு ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும், அதைத் தள்ளப் பழகிய கை வேண்டும்.

தேய்ந்த மூட்டை மாற்றாமல் தள்ளிப்போடுவது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியின் பாரம் வெளிப்பக்க மூட்டில் சாய்கிறது. அங்கே ஆணி குண்டோடு கழன்றால் சக்கரம் மடங்கும், ஸ்டியரிங் கையில் இருந்தும் பயனில்லை. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கடிகாரத்தின் 12-லும் 6-லும் கைவைத்து ஆட்டினால் பால் ஜாயிண்டின் ஆட்டம் தெரியும். 9-லும் 3-லும் வைத்து ஆட்டினால் டை ராட் எண்டின் ஆட்டம் தெரியும். ஐந்து நிமிடச் சோதனைதான்.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி ஸ்டியரிங்கைப் பற்றியது. ஸ்டியரிங் சக்கரத்தில் வெற்று ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. ஸ்டியரிங் இணைப்பிலுள்ள பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஐம்பது ரூபாய் பெறாத சாமான் என்று நாம் அலட்சியப்படுத்தும் ரப்பர் உறை, நாட்டின் விதியில் இடம்பெற்ற பொருள்.

திரும்பப் பூட்டுவது

பிரித்துவிட்ட மகிழ்ச்சியில் பூட்டும்போது அசட்டை வருகிறது. துளையின் கூம்பைத் துணியால் துடைத்து உலர வைக்க வேண்டும். கூம்பில் கிரீஸ் தடவுவது தவறு, உலோகமும் உலோகமும் நேராகப் பதிந்தால்தான் அந்தப் பிடி கிடைக்கும். துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் புது மூட்டு மட்டும் போதாது, நக்கிளையும் மாற்ற வேண்டும்.

கிரீடம் போல் வெட்டுள்ள நட்டில் பின் போடும் துளை நேராக வராவிட்டால் நட்டை மேலும் முறுக்கியே நேராக்க வேண்டும். பின்னோக்கித் திருப்பித் தளர்த்தக் கூடாது. ஸ்பிலிட் பின்னும் நைலான் நட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக வேண்டும். ஆர்மின் ரப்பர் புஷ்ஷில் போகும் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே தங்கிச் சீக்கிரம் கிழியும். பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு.

டை ராட் எண்டைக் கழற்றுமுன் லாக் நட் நின்ற இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, எத்தனை சுற்றில் கழல்கிறது என்று எண்ண வேண்டும். 1.5 மில்லிமீட்டர் மறையில் ஒரே ஒரு சுற்று மாறினாலும் சக்கரத்தின் கோணம் அரை டிகிரிக்கு மேல் மாறும். எண்ணிப் பூட்டினாலும் அலைன்மெண்ட் பார்க்காமல் நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. டயர் தேய்மானம் அடுத்த மாதம் கணக்குத் தீர்க்கும்.

முடிவு

இத்தனை முறைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது என் தீர்ப்பு இது: இறுகிய மூட்டு விசைக்குப் பணிவதைவிட விவரத்துக்குச் சீக்கிரம் பணிகிறது. எந்த வகை ஆணி, எது அதைப் பிடித்திருக்கிறது, எங்கே தட்டினால் பிடி விடும் என்று தெரிந்தவருக்கு ஒரு புல்லரும் ஒரு சுத்தியலும் போதும். தெரியாதவர் கையில் கேஸ் வெல்டிங்கே இருந்தாலும், அது மூட்டோடு நக்கிளையும் கெடுத்துவைக்கும்.

மூட்டுக்கு மூட்டு கிரீஸ் நிப்பிள் இருந்த காலத்தில் லாரி டிரைவரும் கிளீனரும் கிரீஸ் கன்னோடு வாரம் ஒருமுறை அடியில் போனார்கள். போகும்போதே எல்லா மூட்டையும் கண்ணால் பார்த்தார்கள். இன்றைய காரின் மூட்டுகள் பலவும் ஆயுள் முழுக்கக் கிரீஸ் அடைத்து மூடப்பட்டவை. நிப்பிள் போனது, அதோடு குனிந்து பார்க்கும் பழக்கமும் போனது. மூடிய மூட்டுக்கு உறை கிழியும் நாளே ஆயுள் முடிவின் தொடக்கம்.

இந்தச் சமவெளியின் பட்டறை அறிவு இன்னும் பெரும்பாலும் வாய்மொழியாகவே இருக்கிறது. எந்த அடியை எங்கே அடிப்பது, எந்தச் சத்தம் வந்தால் நிறுத்துவது என்பதெல்லாம் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்களின் கைகளில் இருக்கிறது. ஐடிஐ-க்களும் பாலிடெக்னிக்குகளும் அவர்களை வகுப்பறைக்கு அழைத்து வந்து, அந்த அறிவைத் தமிழில், படத்தோடு பதிவு செய்ய வேண்டும். அவர்கள் ஓய்ந்த பிறகு இதைத் தேடினால் கிடைக்காது.

வாசகர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசியில் ஒரு நாள், முன்சக்கரத்தை முழுதாக ஒரு பக்கம் திருப்பிவைத்துவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நான்கைந்து ரப்பர் உறைகள் தெரியும். ஒன்றில் வெடிப்போ கிரீஸ் கசிவோ இருந்தால் அந்த வாரமே மாற்றிவிடுங்கள். இறுகும் முன் கழற்றும் மூட்டுக்குச் சம்மட்டி தேவைப்படாது.